முடிந்த ஆட்டத்துக்கு முன்பணம்

2012-இன் கடைசி மாதங்களில் ரோல்பிளே ஆட்டக்காரர்களிடம் இருந்த உற்சாகம் இன்றும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு மேசை, நான்கைந்து நண்பர்கள், கொஞ்சம் காகிதம், பகடை. இவ்வளவுதான் இந்த ஆட்டங்களுக்கு வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள், துணிவார்கள், சிக்கிக்கொள்வார்கள். என்ன ஆகும் என்று தெரியாத இடங்களில் பகடை தீர்ப்புச் சொல்லும். இவற்றுக்கான விதிநூல்களைத் தனியாளாக எழுதி வெளியிடுகிறவர்கள் அதுவரை சில நூறு பிரதிகள் போனாலே நிறைவடைந்தவர்கள். அந்த ஆண்டில் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதிதிரட்டல் தளத்தில் ஆட்ட வடிவமைப்பாளர் மான்டி குக் தன் ‘நியூமெனெரா’வுக்காக 20,000 டாலர் கேட்டார், 5,17,000 டாலர் வந்தது. ‘டஞ்சன் வேர்ல்ட்’ ஆட்டத்தை எழுதிய இருவர் 4,000 டாலர் கேட்டார்கள். 80,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. டிசம்பரில் ஈவில் ஹாட் என்ற சிறு பதிப்பகம் ‘ஃபேட் கோர்’ நூலுக்காக 3,000 டாலர் கேட்டு, ஜனவரி முடிவதற்குள் பத்தாயிரத்துக்கும் அதிகமானோரிடமிருந்து 4,33,000 டாலர் பெற்றது. இனிப் பதிப்பாளர் வேண்டாம், முதல் போடுகிறவர் வேண்டாம், ஒரு யோசனையும் நல்ல அட்டைப்படமும் இருந்தால் வாசகரே பணம் தருவார் என்ற பேச்சு எங்கும் கேட்டது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளையும் விடாமல் கவனித்ததில் நான் வந்து சேர்ந்த முடிவு வேறு. இப்படிப் பலரிடம் சிறுசிறு தொகையாகத் திரட்டும் கிரவுட்ஃபண்டிங் தனி வடிவமைப்பாளருக்குத் தந்த பெரிய கொடை, தன் படைப்பு தன்னிடமே இருக்கும் உரிமை. அந்த உரிமை தங்க வேண்டுமென்றால், ஆட்டத்தை எழுதி, பலரோடு ஆடிப் பார்த்து, திருத்தி, அச்சுக்குப் போகும் நிலைக்குக் கொண்டுவந்த பிறகே பணம் கேட்க வேண்டும். யோசனையைக் காட்டிப் பணம் வாங்குகிறவர் தன் வரும் ஆண்டுகளை முன்கூட்டியே விற்றுவிடுகிறார்.

உரிமை எவ்வளவு பெரிய விஷயம் என்பது இந்தத் துறையின் பிறப்பிலேயே தெரிகிறது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் எழுதிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974-இல் வெளிவந்தது. விற்பனைக்கு வந்த முதல் ரோல்பிளே ஆட்டம் அதுதான். விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்ற சிற்றூர்க்காரரான கைகாக்ஸ், காப்பீட்டு நிறுவன வேலை போன பிறகு செருப்புப் பழுதுபார்த்துக் குடும்பம் நடத்தியவர். அச்சுக்கூலிக்கு அவரிடம் பணமில்லை. 1973-இல் பால்ய நண்பர் டான் கேயுடன் டி.எஸ்.ஆர். நிறுவனத்தைத் தொடங்கினார்; பங்காளியாகச் சேர்ந்த பிரையன் ப்ளூம் போட்ட பணத்தில்தான் முதல் 1,000 பெட்டிகள் உருவாயின. பெட்டிக்கு மூன்று சிறு புத்தகம், விலை 10 டாலர். வீட்டில் கையாலேயே அடுக்கிக் கட்டிய அந்த 1,000 பெட்டிகள் விற்றுத் தீர ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று. 1975 தொடக்கத்தில் கே திடீரென்று இறந்தார். பங்குகள் கைமாறத் தொடங்கின. ஆர்னிசன் ராயல்டிக்காக வழக்குப் போட்டார். 1985-இல் ப்ளூம் குடும்பத்தின் பங்குகளும் விற்கப்பட்டபோது, தான் தொடங்கிய நிறுவனத்தின் பிடியைக் கைகாக்ஸ் முற்றிலும் இழந்தார். நிர்வாகக் கோளாறுகளுக்கு இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் பின்னோக்கிப் போய்ப் பார்த்தால், அச்சடிக்க வழியில்லாமல் பங்கைக் கொடுத்த அந்த முதல் நாளில்தான் போய் நிற்போம்.

இந்தக் கசப்பை அடுத்த தலைமுறை மறக்கவில்லை. 2001-இல் ரான் எட்வர்ட்ஸும் கிளின்டன் நிக்சனும் நிறுவிய ‘தி ஃபோர்ஜ்’ என்ற இணைய வட்டத்தில், எழுதியவரே உரிமையாளராக இருக்கும் ஆட்டம் மட்டுமே சுயாதீன ஆட்டம் என்று வரையறுத்தார்கள். வின்சென்ட் பேக்கரின் ‘டாக்ஸ் இன் தி வைன்யார்ட்’ போன்ற நூல்கள் அந்த வட்டத்தின் விளைச்சல். பணத்துக்கான வழியையும் ஒருவர் காட்டினார். கிரெக் ஸ்டோல்ஸி 2005-இல் ‘மீட்பாட் மேஸகர்’ என்ற சிறிய ஆட்டத்தை எழுதி முடித்துவிட்டு, குறிப்பிட்ட சில நூறு டாலர் சேர்ந்தால் அதை எல்லோருக்கும் இலவசமாக வெளியிடுவேன் என்று அறிவித்தார். தொகை சேர்ந்தது, ஆட்டம் வெளிவந்தது. கிக்ஸ்டார்ட்டர் பிறக்க இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. இந்த முறையில் நான் மிகவும் மதிப்பது ஒன்று: ஆட்டம் அவர் கையில் முழுமையாக இருந்தது. பணம் சேராமல் போயிருந்தால் அவருடைய எதிர்பார்ப்பு பொய்த்திருக்கும், அவ்வளவுதான். வாசகர் எதையும் இழந்திருக்க மாட்டார். எழுதியவரும் யாருக்கும் கடன்பட்டிருக்க மாட்டார். 2009 ஏப்ரலில் நியூயார்க்கில் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர், இலக்குத் தொகை முழுதும் சேர்ந்தால் மட்டுமே பணம் கைமாறும் என்ற நல்ல விதியைக் கொண்டுவந்தது. ஆனால் பொருள் முன்பே உருவாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. பின்னால் வந்த துயரங்களில் பெரும்பாலானவை அந்த இடைவெளியில் நுழைந்தவை.

விதிநூல் எழுதுவது அத்தனை கடினமா என்று கேட்பவர்களுக்காக ஒரே ஒரு விதியை எடுத்துக்கொள்கிறேன். வின்சென்ட் பேக்கரும் மெகி பேக்கரும் 2010-இல் வெளியிட்ட ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’ ஆட்டத்தில் இரண்டு பகடைகளை உருட்டி, பாத்திரத்தின் திறன் எண்ணைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் நினைத்தது நடக்கும். 6 அல்லது அதற்குக் கீழ் வந்தால் கதையை நடத்துகிறவர் நிலைமையை மோசமாக்குவார். 7 முதல் 9 வரை வந்தால் நினைத்தது நடக்கும், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: கதவு திறக்கும், காவலன் விழித்துக்கொள்வான், தோழியைக் காப்பாற்றலாம், துப்பாக்கி ஆற்றில் போய்விடும். எழுத்தில் இது மூன்றே வரி. இரண்டு பகடையில் அடிக்கடி விழும் எண்கள் நடுவில் இருப்பதால், ஆட்டம் அடிக்கடி இந்த ‘விலை கொடுத்து வெல்லும்’ இடத்தில் வந்து நிற்கிறது. அந்த விலை ஒவ்வொரு சூழலுக்கும் என்னவாக இருக்க வேண்டும், மேசையில் யார் அதைச் சொல்ல வேண்டும், எத்தனை முறைக்குப் பிறகு சலிப்புத் தட்டும் என்பதையெல்லாம் முன்பின் தெரியாத ஆட்களிடம் கொடுத்து ஆடவிட்டால்தான் கண்டுபிடிக்க முடியும். ஒரு மாலை ஆட்டத்தில் ஒரு சொல் பிழைத்தால் ஒரு அத்தியாயத்தையே மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே எழுதி முடிக்காத ஆட்டத்துக்கு ‘அடுத்த ஆகஸ்டில் கைக்கு வரும்’ என்று தேதி போடுகிறவர், எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், தனக்கே தெரியாத ஒன்றுக்கு வாக்குக் கொடுக்கிறார்.

கணக்கையும் பார்த்துவிடலாம், இது என் உத்தேசக் கணக்கு. ஒரு விதிநூலுக்கு 40 டாலர் வைத்து 1,000 பேரிடமிருந்து 40,000 டாலர் வந்துவிட்டதாகக் கொள்வோம். தளத்துக்கு 5 சதவீதம், அட்டைப் பரிமாற்றத்துக்கு ஏறக்குறைய 3 சதவீதமும் ஆளுக்குச் சில சென்ட்டும். 3,400 டாலர் அங்கேயே போயிற்று. கெட்டி அட்டையும் வண்ணமும் கொண்ட 200 பக்க நூலுக்குப் பிரதிக்கு 9 டாலர் என்றால் அச்சுக்கு 9,000. அட்டைப்பெட்டி, கிடங்கு, உள்நாட்டுத் தபால் சேர்த்துப் பிரதிக்கு 8 டாலர் என்றால் இன்னொரு 8,000. இந்தத் துறையில் எழுத்துக்குச் சொல் ஒன்றுக்கு 10 சென்ட் என்பது நல்ல கூலி. 60,000 சொற்களுக்கு 6,000. செம்மையாக்கம் 2,000, பக்க வடிவமைப்பு 2,500, ஓவியம் ஒன்றுக்கு 300 வீதம் இருபதுக்கு 6,000. மொத்தம் 36,900. மீதி 3,100 டாலர். எழுதியவரே உரிமையாளர் என்றால் அந்த 6,000-மும் இந்த 3,100-மும் சேர்ந்ததுதான் அவருடைய பல ஆண்டு உழைப்புக்குக் கிடைத்தது. வருமான வரி அதற்குப் பிறகு. ‘நாற்பதாயிரம் டாலர் அள்ளிவிட்டார்’ என்று செய்தி வந்த அன்று அவர் கையில் இருந்தது வருமானமே இல்லை, பெரும்பகுதி கொடுத்துத் தீர்க்க வேண்டிய கடன். எழுத்தும் சோதனையும் முடிந்திருந்தால் இந்தக் கணக்கில் எல்லாமே முன்கூட்டித் தெரிந்த எண்கள்: பக்கம் எத்தனை, காகிதம் என்ன எடை, தபால் எவ்வளவு. முடியாதிருந்தால் ஒவ்வொரு எண்ணும் ஆசைதான். 200 பக்கம் என்று சொன்னது 320 ஆகும்; எடை கூடும்; தபால் ஒரு படி ஏறும்; மீதி என்று நினைத்த 3,100 காணாமல் போகும்.

இதைவிடவும் ஆபத்தானது ஸ்ட்ரெட்ச் கோல். இவ்வளவு சேர்ந்தால் வண்ண வரைபடம், அவ்வளவு சேர்ந்தால் சிறப்புப் பகடை, இன்னும் சேர்ந்தால் இரண்டாவது நூல் என்று நடுவழியில் அடுக்கிக்கொண்டே போகும் வாக்குறுதிகள். பணம் பெருகும் மயக்கத்தில் அன்றிரவே சொல்லிவிடுகிற ஒரு வரி, பின்னால் இரண்டு ஆண்டுகளைத் தின்றுவிடும். ‘ஃபேட் கோர்’ இதற்கு நல்ல சான்று, ஏனென்றால் ஒரே திட்டத்தில் இரண்டு பக்கமும் தெரிகின்றன. மூலநூலின் வரைவு பணம் செலுத்தியவர்களுக்கு உடனே கிடைத்தது. அச்சு நூல் 2013-லேயே வந்தது. அதே திட்டத்தில் ஸ்ட்ரெட்ச் கோலாகச் சேர்ந்த ‘டிரெஸ்டன் ஃபைல்ஸ் ஆக்சலரேட்டட்’ வெளிவர 2017 ஆயிற்று. ஈவில் ஹாட் அனுபவமும் நாணயமும் உள்ள பதிப்பகம், சொன்னதைச் செய்தார்கள். தனியாளால் நான்கு ஆண்டு தாக்குப்பிடிக்க முடியுமா? பகடை, நாணயம், துணி வரைபடம் போன்ற உடன்பொருட்களுக்கு வேறொரு தொல்லையும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுத் தபாலில் புத்தகத்துக்கு மலிவான தனிக் கட்டணம் இருக்கிறது. பகடை சேர்ந்தால் அந்தச் சலுகை போய்விடும். 2021 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோவுக்குக் குறைந்த பொட்டலங்களுக்கு இருந்த வரிவிலக்கை நீக்கியது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா சீனப் பொருட்கள்மீது 145 சதவீதம் வரை வரி விதித்தபோது, அச்சு நூல்கள் விலக்குப் பெற்றுத் தப்பின; பெட்டியும் பகடையும் மாட்டிக்கொண்டன. வெறும் புத்தகத்தோடு நின்றவர்கள் அந்த மாதங்களில் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

தோற்றவர்களின் கதைகளில் பெரும்பாலானவை ஏமாற்று அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஏமாற்றும் நடந்திருக்கிறது. 2012-இல் ‘தி டூம் தட் கேம் டு அட்லாண்டிக் சிட்டி’ என்ற பலகை ஆட்டத்துக்கு 1,22,000 டாலருக்கு மேல் திரட்டியவர், பணத்தை வீட்டு வாடகைக்கும் சொந்தச் செலவுக்கும் பயன்படுத்தியதாக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2015-இல் நடவடிக்கை எடுத்தது. கிரவுட்ஃபண்டிங் தொடர்பாக அந்த ஆணையம் எடுத்த முதல் நடவடிக்கை அதுவே. ஆட்டத்தை வடிவமைத்த கலைஞர்களுக்கு அதில் பங்கில்லை. வேறொரு நிறுவனம் முன்வந்து அச்சிட்டு வாசகர்களுக்கு அனுப்பியது. ஆனால் என்னை அதிகம் வருத்துவது மற்ற வகை. 2011-இல் 5,000 டாலர் கேட்டு அதைப்போல் ஒன்பது மடங்குக்கு மேல் பெற்ற ஒரு ரோல்பிளே நூல், அந்த ஆண்டு இறுதியில் வருவதாக இருந்தது. பத்து ஆண்டுக்கு மேல் இழுத்தது. எழுதியவர் மோசடிக்காரர் என்று நான் நினைக்கவில்லை. எழுதி முடிக்காத நூலுக்குப் பணம் வாங்கியதும், அந்த நூல் எழுத்தாக இல்லாமல் கடனாகிவிடுகிறது. உடல்நலம் கெடும், வேலை போகும், ஆர்வம் வேறு பக்கம் திரும்பும். கடன் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பதிப்பாளரின் கெடுவிலிருந்து தப்பி வந்தவருக்கு இப்போது ஆயிரம் பதிப்பாளர்கள்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதை எளிதில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. முதலில் முடித்துவிட்டு வா என்று சொல்வது, சேமிப்பு உள்ளவர்களுக்கு மட்டும் கதவைத் திறப்பது ஆகாதா? இரண்டு வேலை பார்த்துப் பிள்ளை வளர்க்கும் ஒருவர் சம்பளமில்லாமல் 60,000 சொல் எழுதுவது எப்படி? 2021-இல் செரோக்கி தேசத்தைச் சேர்ந்த கானர் அலெக்சாண்டர் ‘கயோட்டி அண்ட் குரோ’ என்ற ஆட்டத்துக்காக 18,000 டாலர் கேட்டார். ஐரோப்பியக் குடியேற்றமே நிகழாத வட அமெரிக்காவைக் கற்பனை செய்த அந்த நூலைப் பூர்வகுடி எழுத்தாளர்களும் ஓவியர்களும் சேர்ந்து உருவாக்கினார்கள். பத்து லட்சம் டாலருக்கு மேல் வந்தது, அடுத்த ஆண்டே நூலும் வந்தது. பணம் இல்லாமல் அப்படியொரு குழுவுக்கு உரிய கூலி கொடுத்திருக்க முடியாது. ஏற்கிறேன். ஓவியத்துக்கும் செம்மையாக்கத்துக்கும் அச்சுக்கும் வாசகர் பணம் தருவதை நான் எதிர்க்கவில்லை. அவை விலையும் நாளும் சொல்லக்கூடிய வேலைகள். வறியவருக்கான என் பதில் நூலைச் சிறிதாக்குவது. முப்பது பக்கத்தில் முழுமையாக ஆடக்கூடிய ஓர் ஆட்டத்தை முடித்து வெளியிடலாம்; அதிலிருந்து வரும் சிறு பணமும் ஆட்களும் அடுத்ததைத் தாங்குவார்கள். முடிக்காத பெரிய நூலுக்குப் பணம் வாங்கித் திணறும்போது வசதியுள்ளவர் சேமிப்பிலிருந்து ஈடுகட்டிவிடுவார்; நொறுங்குகிறவர் இல்லாதவர்தான். என் விதி அவரைத் தடுக்கவில்லை, காக்கிறது என்றே நம்புகிறேன்.

இன்னொரு மறுப்பு ஜான் ஹார்ப்பரின் ‘பிளேட்ஸ் இன் தி டார்க்’ நூலை முன்வைக்கிறது. 2015-இல் 1,79,000 டாலர் சேர்ந்தது; இறுதி நூல் வந்தது 2017-இல். இடைப்பட்ட காலத்தில் வாசகர்கள் வரைவுகளை ஆடி, கருத்துச் சொல்லி, அது செம்மைப்பட்டது. இன்று அதன் விதிகளை அடித்தளமாகக் கொண்ட ஆட்டங்கள் ஒரு தனிக் குடும்பமாகவே வளர்ந்திருக்கின்றன. தாமதம் நன்மை செய்யவில்லையா? செய்தது. ஆனால் காத்திருந்தவர்கள் கையில் ஆடக்கூடிய வரைவு இருந்தது. வெறும் அட்டைப்படத்தைப் பார்த்துக்கொண்டு அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. 2023 மார்ச்சில் கெல்சி டியோன் ‘ஷேடோடார்க்’ ஆட்டத்துக்கு 13 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியபோதும் இதுவே நடந்தது. தொடக்கநிலை விதிகள் முழுதும் இலவசமாக முன்பே வெளியாகியிருந்தன. ஆடிப் பார்த்தவர்கள் வாங்கினார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்புதான், ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விதிகளைப் பயன்படுத்துகிறவர்கள் ஆண்டுக்கு 7,50,000 டாலருக்கு மேல் ஈட்டும் வருவாயில் 25 சதவீதம் தர வேண்டும், கிக்ஸ்டார்ட்டர் வழியே வந்ததென்றால் 20 சதவீதம், என்ற புதிய உரிம வரைவு கசிந்து பெரும் எதிர்ப்பு எழுந்திருந்தது. அந்த ஆட்டத்தின் இன்றைய உரிமையாளரான விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் பின்வாங்கி, அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டது. தன் விதிகளைத் தானே எழுதி முடித்து வைத்திருப்பவரின் வலிமை என்னவென்று அந்த ஜனவரி எல்லோருக்கும் காட்டியது.

முடிந்த பொருளுக்கு முன்பணம் வாங்குவது வெறும் கடை வியாபாரம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். 2012-இல் கிக்ஸ்டார்ட்டரே ‘நாங்கள் கடை அல்ல’ என்று அறிவித்தது. தமிழ் வாசகருக்கு இதில் இழிவு எதுவும் தோன்றாது. 1887-இல் வெளிவந்த சீவக சிந்தாமணிப் பதிப்புக்காக உ.வே.சாமிநாதையர் கையொப்பம் சேர்த்தார். சுவடிகளை ஒப்பிட்டுத் திருத்திய பெரும் உழைப்பு அவருடையது, வாங்குவதாக ஒப்பிய அன்பர்களின் பணம் காகிதத்துக்கும் அச்சுக்கும். நம் பதிப்பகங்களின் முன்வெளியீட்டுத் திட்டமும் அதே வழிதான். இந்தியாவில் வசிப்பவர் கிக்ஸ்டார்ட்டரில் தன் பெயரில் திட்டம் தொடங்க முடியாத நிலையில், இங்கே ஓர் ஆட்டம் எழுதுகிறவருக்கும் கைக்கு எட்டும் வழி அது.

சிறிதாக முடித்துவிட்டுக் கேட்பது நடக்கிற காரியம் என்பதற்கு எனக்கு மிகப் பிடித்த சான்று ஸீன்குவெஸ்ட் என்ற சிறுநூல் திரட்டல். கிக்ஸ்டார்ட்டரில் விளையாட்டுப் பிரிவைக் கவனித்த லூக் கிரேன், தானே ‘பர்னிங் வீல்’ ஆட்டத்தை எழுதியவர். 2019 பிப்ரவரியில் கிக்ஸ்டார்ட்டர் ஓர் அழைப்பு விடுத்தது: சாதாரணத் தாளை இரண்டாக மடித்த அளவு, ஒரே வண்ண மை, இரண்டு வாரத் திரட்டல். ஸ்டேப்ளர் ஊசி போட்ட அந்தச் சிறுநூல்கள் உறைக்குள் அடங்கும். அச்சுக்கூலி ஊர் அச்சகத்தில் தீரும். எழுதியவர்கள் நூற்றுக்கணக்கில் டாலர் கேட்டார்கள், கிடைத்தது, அனுப்பினார்கள். 2018-இல் 44 பக்கச் சிறுநூலாக வெளிவந்த ‘மதர்ஷிப்’ என்ற விண்வெளித் திகில் ஆட்டம் மூன்று ஆண்டு கழித்துப் பெட்டியாக வந்தபோது 14 லட்சம் டாலர் திரட்டியது. அதற்குள் விதிகளை ஆயிரக்கணக்கானோர் ஆடிப் பழகியிருந்தார்கள். அப்படியும் பெட்டி கைக்கு வர இரண்டு ஆண்டுக்கு மேலாயிற்று, சிறுநூலுக்கு ஆகாத தாமதம். 2022-இல் கிக்ஸ்டார்ட்டர் ஸீன்குவெஸ்டை ஆகஸ்டுக்கு மாற்றியது. வடிவமைப்பாளர்களில் பலர் மாற மறுத்து, பிப்ரவரியையே ‘ஸீன் மந்த்’ என்று தாங்களாக அறிவித்துக்கொண்டார்கள். சிலர் பிற தளங்களில் திரட்டினார்கள், சிலர் இட்ச் தளத்தில் நேரடியாக விற்றார்கள். எழுதி முடித்து வைத்திருந்தவர்களுக்கு மாற்ற வேண்டியிருந்தது இணைய முகவரி மட்டும்தான்.